நொதி தன் தளப்பொருளை எப்படி அடையாளம் காண்கிறது?

சோற்றில் இருக்கும் மாவுச்சத்தும் பருத்தித் துணியில் இருக்கும் செல்லுலோஸும் ஒரே சரக்கால் ஆனவை. இரண்டும் குளுக்கோஸ் மூலக்கூறுகளை வரிசையாகக் கோத்த நீண்ட சங்கிலிகள். இரண்டிலும் ஒரு குளுக்கோஸின் 1ஆம் கார்பன் அடுத்த குளுக்கோஸின் 4ஆம் கார்பனோடு ஓர் ஆக்சிஜன் வழியாக இணைகிறது. அந்த ஆக்சிஜன் எந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறது என்பதில் மட்டும்தான் வேறுபாடு: மாவுச்சத்தில் ஆல்ஃபா வகை, செல்லுலோஸில் பீட்டா வகை. இதனால் மாவுச்சத்துச் சங்கிலி சுருளாக வளைகிறது, செல்லுலோஸ் சங்கிலி நேராக நீள்கிறது. உமிழ்நீரில் உள்ள அமைலேஸ் முதலாவதைச் சில நிமிடங்களில் துண்டாக்கிவிடும். துணியை நாள் முழுக்க மென்றாலும் இரண்டாவதில் ஒரு பிணைப்பைக்கூட அறுக்காது.

ஒரு புரதம் இவ்வளவு சின்ன வேறுபாட்டை எப்படிக் கண்டுகொள்கிறது? நொதி எந்த மூலக்கூறின் மேல் வினை நடத்துகிறதோ அதுவே தளப்பொருள். அது வந்து அமரும் இடம் செயல்மையம். பள்ளிப் பாடம் இதைப் பூட்டு, சாவி என்று ஒரே வரியில் முடித்துவிடும். அந்த வரி பொய்யல்ல, ஆனால் அதில் இருப்பது பாதி உண்மைதான்.

முதலில் ஒரு தப்பெண்ணத்தைக் களைந்துவிடலாம். நொதி தன் தளப்பொருளைத் தேடிப் போவதில்லை, அது வருவதைப் பார்ப்பதும் இல்லை. கரைசலில் எல்லா மூலக்கூறுகளும் ஓயாமல் முட்டி மோதுகின்றன. நொதியின் மேல் நீர், உப்பு, சர்க்கரை, அமினோ அமிலம் என்று எது எதுவோ வந்து இடித்து விலகுகிறது. பெரும்பாலானவை உடனே போய்விடும். சரியான மூலக்கூறு, சரியான இடத்தில், சரியான கோணத்தில் இடித்தால் மட்டும் கொஞ்சம் கூடுதல் நேரம் தங்கும். ஆக, 'அடையாளம் காணுதல்' என்று நாம் சொல்வதில் இரண்டு கூறுகள் உண்டு: எவ்வளவு நேரம் தங்குகிறது என்பது ஒன்று, தங்கியபின் வினை நடக்க எவ்வளவு வாய்ப்பு என்பது இன்னொன்று. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழகினால் நொதியியலின் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

செயல்மையம் என்பது எது?

மாட்டுக் கணையத்திலிருந்து கிடைக்கும் டிரிப்சினை எடுத்துக்கொள்வோம். புரதத்தைச் செரிக்கும் நொதி இது. 223 அமினோ அமிலங்களால் ஆன சங்கிலி. இதில் நேரடியாக வேதிவினை செய்பவை மூன்றே மூன்று: 57ஆம் இடத்து ஹிஸ்டிடின், 102ஆம் இடத்து அஸ்பார்டேட், 195ஆம் இடத்து செரின். (இந்த எண்கள் கைமோடிரிப்சினோஜென் என்ற உறவுப் புரதத்தின் வரிசையை ஒட்டித் தரப்பட்டவை. இந்தக் குடும்பத்து நொதிகளுக்கெல்லாம் அதே எண்களைப் பயன்படுத்துவது வழக்கம்.) சங்கிலியில் தொலைவில் இருக்கும் இம்மூன்றும், புரதம் மடிந்தபின் ஒரு பிளவுக்குள் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கின்றன. மீதி இருக்கும் இருநூற்றுச் சொச்சத்தின் முக்கிய வேலை, இந்த மூன்றையும் தளப்பொருளைத் தொடும் இன்னும் சிலவற்றையும் அந்தந்த இடத்தில் நிறுத்தி வைப்பது. கொதிக்க வைத்தால் நொதி செத்துப்போவது ஏன் என்பதற்கும் இதுவே காரணம்: அமினோ அமிலங்கள் எங்கும் போவதில்லை, மடிப்பு குலைந்து இம்மூன்றும் பிரிந்துவிடுகின்றன.

பிளவுக்குள் தளப்பொருளைத் தங்கவைக்கும் விசைகள் நான்கு. எதிரெதிர் மின்சுமைகளின் ஈர்ப்பு, ஹைட்ரஜன் பிணைப்பு, அணுக்கள் நெருக்கமாக உரசி நிற்கும்போது எழும் வாண்டர் வால்ஸ் ஈர்ப்பு, எண்ணெய்த் தன்மையுள்ள பகுதிகள் நீரை விட்டு ஒதுங்குவதால் வரும் ஆதாயம். தனித்தனியே பார்த்தால் எல்லாமே பலவீனமானவை. ஆனால் கணக்கு பெருக்கலில் போகிறது. 25 டிகிரி செல்சியஸில், பிணைப்பு ஆற்றல் மோலுக்கு 1.4 கிலோகலோரி கூடினால் பிடிப்பு 10 மடங்கு இறுகும். 4 கிலோகலோரி கூடினால் ஏறத்தாழ 1000 மடங்கு. ஒரே ஒரு ஹைட்ரஜன் பிணைப்பு சரியாக அமைவதும் அமையாததும் ஏன் பெரிய வித்தியாசம் என்பது இந்த எண்களில் தெரியும்.

இங்கே தொடக்கநிலை நூல்கள் தாண்டிப் போகும் ஒரு நுணுக்கம் உண்டு. தளப்பொருள் வெளியே சும்மா இருக்கவில்லை. அது நீரில் கரைந்திருக்கிறது, நீரோடு ஹைட்ரஜன் பிணைப்புகளும் வைத்திருக்கிறது. நொதிக்குள் வர அவற்றையெல்லாம் விட்டுவிட வேண்டும். உள்ளே கிடைப்பது வெளியே இழந்ததை ஈடுகட்டத்தான் பெரும்பாலும் சரியாகப் போகும். எனவே ஒரு சாதாரண ஹைட்ரஜன் பிணைப்பால் வரும் நிகர லாபம் 0.5 முதல் 1.5 கிலோகலோரிதான். ஆனால் ஒரு மின்சுமை உள்ளே வந்து, எதிரே துணை இல்லாமல் தனித்து நின்றால், நட்டம் பல கிலோகலோரி. சரியானதை இழுத்துப் பிடிப்பதை விட, தவறானதை உள்ளே விடாமல் தள்ளுவதில்தான் ஹைட்ரஜன் பிணைப்புக்கும் மின்சுமைக்கும் பங்கு அதிகம்.

மூன்று சகோதரர்கள், மூன்று பள்ளங்கள்

டிரிப்சினுக்கு இரண்டு நெருங்கிய உறவுகள் உண்டு: கைமோடிரிப்சின், எலாஸ்டேஸ். மூன்றும் கணையத்தில் சுரப்பவை. மூன்றுமே மேலே சொன்ன அதே மூன்று அமினோ அமிலங்களால், அதே வழியில் புரதச் சங்கிலியை வெட்டுகின்றன. மடிப்பும் ஏறத்தாழ ஒன்றே. ஆனால் வெட்டும் இடம் வேறு. டிரிப்சின், லைசின் அல்லது ஆர்ஜினினுக்கு அடுத்து வெட்டும். கைமோடிரிப்சின், ஃபீனைல்அலனின், டைரோசின், டிரிப்டோஃபன் போன்ற பெரிய வளையமுள்ளவற்றுக்கு அடுத்து. எலாஸ்டேஸ், அலனின் போன்ற சிறியவற்றுக்கு அடுத்து.

செரின் 195க்குப் பக்கத்தில் ஒரு பள்ளம் இருக்கிறது. வெட்டப்பட வேண்டிய பிணைப்புக்கு முந்தைய அமினோ அமிலத்தின் பக்கச்சங்கிலி, அதாவது சங்கிலியிலிருந்து பக்கவாட்டில் நீளும் பகுதி, இந்தப் பள்ளத்துக்குள் இறங்கும். டிரிப்சினில் பள்ளம் ஆழமானது, அதன் அடியில் எதிர்மின்சுமையோடு 189ஆம் இடத்து அஸ்பார்டேட் நிற்கிறது. லைசினும் ஆர்ஜினினும் நீளமானவை, நுனியில் நேர்மின்சுமை உள்ளவை. ஆர்ஜினினின் நுனி அந்த அஸ்பார்டேட்டை நேராகவே தொட்டு இரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகள் போடுகிறது. லைசின் சற்றுக் குட்டை. நடுவில் ஒரு நீர் மூலக்கூறு நின்று இரண்டையும் இணைக்கிறது. டிரிப்சின் லைசினை விட ஆர்ஜினினைக் கொஞ்சம் அதிகம் விரும்புவது இதனால்தான்.

கைமோடிரிப்சினில் 189ஆம் இடத்தில் மின்சுமையற்ற செரின். பள்ளத்தின் வாயில் 216, 226ஆம் இடங்களில் இருப்பது கிளைசின். கிளைசினுக்குப் பக்கச்சங்கிலியே கிடையாது என்பதால் வழி அகலம், தட்டையான வளையம் எளிதாக நுழையும். எலாஸ்டேஸில் அதே இரண்டு இடங்களில் வாலினும் திரியோனினும் துருத்திக்கொண்டு பள்ளத்தை அடைத்துவிடுகின்றன. பெரியது எதுவும் இறங்காது, அலனின் அளவுக்குத்தான் இடம்.

பள்ளத்துக்குள் இறங்குவது வெட்டப்படும் பிணைப்பு அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். பக்கச்சங்கிலி உள்ளே நின்றால், அதற்கு அடுத்த பெப்டைடு பிணைப்பு (அமினோ அமிலங்களைக் கோக்கும் பிணைப்பு) செரின் 195இன் ஆக்சிஜனுக்கு நேர் எதிரே வந்து நிற்கும். பள்ளத்தின் வேலை அவ்வளவுதான். டிரிப்சின், லைசினை அடுத்துப் புரோலின் வந்தால் பொதுவாக வெட்டாது. லைசின் பள்ளத்தில் அழகாக இறங்கினாலும், புரோலினின் வளையம் சங்கிலியை விறைப்பாக்கி, பிணைப்பைச் சரியான கோணத்தில் நிற்கவிடாது. பிடி கிடைத்தும் வினை நடக்காததற்கு இது நல்ல உதாரணம்.

அப்படியானால் டிரிப்சினின் 189ஆம் அஸ்பார்டேட்டை எடுத்துவிட்டுச் செரினை வைத்தால் அது கைமோடிரிப்சின் ஆகிவிட வேண்டாமா? ஆய்வகத்தில் செய்து பார்த்தார்கள். ஆகவில்லை. லைசினை வெட்டும் திறன் போனது, ஃபீனைல்அலனினை வெட்டும் திறன் உருப்படியாக வரவில்லை. பள்ளத்தின் சுவர்களை முழுவதும் மாற்றியும் போதவில்லை. கடைசியில் 1992இல் கலிஃபோர்னியாவில் ரட்டர் ஆய்வகம், தளப்பொருளைத் தொடவே தொடாத, மேற்பரப்பில் இருக்கும் இரண்டு வளைவுகளையும் சேர்த்து மாற்றியபோதுதான் கைமோடிரிப்சினின் நடத்தை தலைகாட்டியது. பள்ளத்தின் சுவரை எந்தத் தோரணையில் நிறுத்துவது என்பதைப் பின்னாலிருந்து அந்த வளைவுகள் தீர்மானிக்கின்றன. தொடும் அணுக்களை மட்டும் பார்த்து நொதியின் தேர்வை விளக்கிவிடலாம் என்ற எண்ணத்துக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு வேண்டியதில்லை.

பூட்டு எங்கே பொருந்தாமல் போகிறது

பூட்டு, சாவி ஒப்புமையைச் சொன்னவர் எமில் ஃபிஷர், 1894இல். அவர் கையில் இருந்தவை ஈஸ்ட்டிலிருந்து எடுத்த ஒரு சாறும் வாதுமைக் கொட்டையிலிருந்து எடுத்த எமல்சினும். குளுக்கோஸோடு ஒரு மெத்தில் தொகுதி இணைந்த இரண்டு பொருள்கள், ஒன்று ஆல்ஃபா, ஒன்று பீட்டா. ஈஸ்ட்டுச் சாறு ஆல்ஃபாவை மட்டும் உடைத்தது, எமல்சின் பீட்டாவை மட்டும் உடைத்தது. புரதத்தின் வடிவம் எப்படியிருக்கும் என்று யாருக்குமே தெரியாத காலத்தில், இரண்டு குடுவைகளை ஒப்பிட்டு, வடிவம் பொருந்த வேண்டும் என்ற முடிவுக்கு வந்தது பெரிய பாய்ச்சல்.

ஆனால் விறைப்பான பூட்டால் விளக்க முடியாத ஒன்று உண்டு. பெரிய சாவி நுழையாது, சரி. சின்னச் சாவி ஏன் வேலை செய்யவில்லை? ஹெக்சோகைனேஸ் என்ற நொதி செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபியிலிருந்து ஒரு பாஸ்பேட்டைப் பிடுங்கிக் குளுக்கோஸின் 6ஆம் கார்பனில் உள்ள ஹைட்ராக்சில் தொகுதியில் வைக்கிறது. நீருக்கும் ஹைட்ராக்சில் உண்டு. நீர் சிறியது, எங்கும் நுழையும், செறிவோ 55 மோலார். பாஸ்பேட்டை நீர் தட்டிப் பறித்து ஏடிபியை வீணாக்கியிருக்க வேண்டும். நடப்பது என்னவோ, குளுக்கோஸுக்குப் போகும் வேகம் நீருக்குப் போவதைவிடப் பத்து இலட்சம் மடங்கு.

டேனியல் கோஷ்லண்ட் 1958இல் இதற்கு விடை சொன்னார்: தளப்பொருள் வந்து அமரும்போதுதான் செயல்மையம் சரியான வடிவத்துக்கு வருகிறது. இதைத் தூண்டப்பட்ட பொருத்தம் என்கிறோம். பின்னால் படிக வரைபடங்கள் வந்தபோது அது கண்ணுக்கே தெரிந்தது. ஈஸ்ட்டு ஹெக்சோகைனேஸ் இரண்டு மடல்களாக இருக்கிறது, நடுவில் பிளவு. குளுக்கோஸ் உள்ளே வந்ததும் ஒரு மடல் சுமார் 12 டிகிரி திரும்பி, சில இடங்களில் 8 ஆங்ஸ்ட்ராம் (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு) வரை நகர்ந்து பிளவை மூடிக்கொள்கிறது. குளுக்கோஸ் ஏறக்குறைய முழுவதும் புரதத்துக்குள் மறைந்துவிடும், நீர் வெளியே தள்ளப்படும், பாஸ்பேட் போக வேறு இடமில்லை. நீர் மூலக்கூறு தனியாக வந்தால், மடலைத் திருப்பப் போதுமான பிடிப்பு அதற்கு இல்லை.

இதைச் சோதிக்க ஓர் அருமையான வழி இருக்கிறது: சைலோஸ். குளுக்கோஸைப் போலவே இருக்கும், ஆனால் 6ஆம் கார்பன் கிடையாது. அது உள்ளே போய் அமர்ந்து மடலை மூடவைக்கும், பாஸ்பேட்டை வாங்கத்தான் கை இல்லை. காலியாக இருக்கும் அந்த இடத்தில் ஒரு நீர் மூலக்கூறு மாட்டிக்கொள்ள, பாஸ்பேட் அதன் தலையில் விழுகிறது. சைலோஸ் சேர்த்தால் ஏடிபி நீராற்பகுப்பு கூடுவதை அளந்தே காட்டலாம்.

மடல் திறந்தும் மூடியும் தானாகவே ஆடிக்கொண்டிருக்கிறது, மூடிய வடிவத்தைத் தளப்பொருள் தேர்ந்து நிறுத்துகிறது என்று இன்னொரு விளக்கமும் உண்டு. பல நொதிகளில் இரண்டுமே கலந்து நடக்கின்றன. தொடங்குபவர்கள் இந்தச் சண்டையில் நேரம் செலவழிக்க வேண்டாம்.

இறுகப் பிடித்தால் நல்லதா?

தளப்பொருளை எவ்வளவு இறுகப் பிடிக்கிறதோ அவ்வளவு நல்ல நொதி என்று தோன்றும். உண்மை நேர்மாறு. தளப்பொருள் விளைபொருளாக மாறும் வழியில், பழைய பிணைப்பு பாதி அறுந்து புதிய பிணைப்பு பாதி உருவான ஒரு கணம் உண்டு. ஆற்றல் உச்சத்தில் இருக்கும் அந்த நிலைக்கு இடைநிலை என்று பெயர். நொதி மிக நன்றாகப் பொருந்துவது தளப்பொருளோடு அல்ல, இந்த இடைநிலையோடு என்று லைனஸ் பாலிங் 1940களில் சொன்னார். தளப்பொருளையே இறுகப் பிடித்துக்கொண்டால் அது அங்கேயே சுகமாக இருந்துவிடும், ஏற வேண்டிய ஆற்றல் உயரம் குறையாது.

டிரிப்சினில் இதை அணு அளவில் பார்க்கலாம். செரின் 195இன் ஆக்சிஜன், பெப்டைடு பிணைப்பின் கார்பனைத் தாக்கும்போது, அந்தக் கார்பனோடு இருக்கும் மற்றோர் ஆக்சிஜன் எதிர்மின்சுமை பெற்று வெளிப்பக்கம் சற்று நகர்கிறது. நகர்ந்த அந்த இடத்தில் 193, 195ஆம் அமினோ அமிலங்களின் முதுகெலும்பிலிருந்து, அதாவது பக்கச்சங்கிலி அல்லாத மையச் சங்கிலியிலிருந்து, இரண்டு நைட்ரஜன்-ஹைட்ரஜன் தொகுதிகள் தயாராக நீட்டிக்கொண்டு நிற்கின்றன. தாக்குதலுக்கு முன் அந்த ஆக்சிஜன் அங்கே சரியாக எட்டாது. முழுப் பிடிப்பும் கிடைப்பது வினை பாதி நடந்தபின்புதான்.

தளப்பொருள் போலவே வந்து அளவுக்கு மீறி இறுகிக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு மாட்டுக் கணையத்திலேயே ஒரு சின்னப் புரதம் இருக்கிறது. டிரிப்சின் தடுப்பான். அதன் 15ஆம் இடத்து லைசின் பள்ளத்துக்குள் கச்சிதமாக இறங்கி அஸ்பார்டேட் 189ஐப் பிடித்துக்கொள்கிறது. வடிவம் முன்கூட்டியே அச்சாகப் பொருந்தி இருப்பதால் பிடி விடுவதேயில்லை, பிரிய மாதக்கணக்கு ஆகும். பிணைப்பு வெட்டப்படுவதும் மிக மிக அரிது. சோயாவிலும் இப்படி டிரிப்சின் தடுப்பான்கள் உண்டு. பச்சைச் சோயா மாவைத் தின்னும் கோழிக்கும் பன்றிக்கும் புரதம் சரியாகச் செரிக்காமல் போவதற்கு அவையே முக்கியக் காரணம். ஈரச் சூட்டில் வேகவைத்தால் தடுப்பானின் மடிப்பு குலைந்து பிடி போய்விடும்.

எண்ணில் சொன்னால்

நொதியின் வேகம் உச்சத்தில் பாதியாக இருக்க எவ்வளவு தளப்பொருள் செறிவு வேண்டும் என்ற அளவை மைக்கேலிஸ் மாறிலி என்பார்கள். 1913இல் லியோனர் மைக்கேலிஸும் மாட் மென்டனும் தந்த சமன்பாட்டில் வருவது. எண் சிறியதாக இருந்தால் குறைந்த செறிவிலேயே நொதி நிறைந்துவிடும். பிடிப்பின் வலிமையை இது தோராயமாகக் காட்டும் என்றாலும், இரண்டும் ஒன்றல்ல. வினையின் வேகமும் இந்த எண்ணுக்குள் கலந்திருக்கிறது.

மூளையின் ஹெக்சோகைனேஸுக்கு இது குளுக்கோஸைப் பொறுத்துச் சுமார் 0.05 மில்லிமோலார். வெறும் வயிற்றில் இரத்தச் சர்க்கரை 100 மில்லிக்கு 90 மில்லிகிராம் என்றால் அது 5 மில்லிமோலார். ஆக, மூளை நொதி எப்போதும் நிறைந்தே ஓடும், சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் ஒரே வேகம். கல்லீரலிலும் கணையத்திலும் உள்ள அதன் உறவான குளுக்கோகைனேஸுக்கு அந்த எண் 8 மில்லிமோலார் பக்கம். 90 மில்லிகிராமில் உச்ச வேகத்தில் மூன்றில் ஒரு பங்குதான் ஓடும், 180க்கு ஏறினால் பாதியைத் தாண்டிவிடும். தளர்வாகப் பிடிப்பதால்தான் கணையத்தால் சர்க்கரை ஏறுவதை உணர்ந்து இன்சுலின் விட முடிகிறது. இறுகப் பிடித்திருந்தால் ஏற்றமும் இறக்கமும் அதற்கு ஒன்றாகவே தெரியும்.

ஒரு சல்லடை போதாதபோது

வடிவத்தால் பிரிக்கவே முடியாத இணைகளும் உண்டு. ஐசோலூசினுக்கும் வாலினுக்கும் வேறுபாடு ஒரு கார்பனும் இரண்டு ஹைட்ரஜனும்தான். ஐசோலூசினைப் புரத உற்பத்திக்காக அதற்குரிய டிஆர்என்ஏவில் (அமினோ அமிலத்தைச் சுமந்து செல்லும் ஆர்என்ஏ) ஏற்றும் நொதியின் பள்ளத்தில் வாலின் தாராளமாக நுழையும், சற்று இடம் காலியாக இருக்கும், அவ்வளவே. அந்த ஒரு கார்பன் தொகுதி இல்லாததால் வரும் நட்டம் சுமார் 200 மடங்கு. செல்லில் வாலினின் செறிவு ஐந்து மடங்கு அதிகம். வகுத்தால் 40க்கு ஒரு முறை தவறு நடக்க வேண்டும். உண்மையில் நடப்பது சுமார் 3000க்கு ஒன்று.

மிச்சத்தைச் செய்வது அதே நொதியில் 25 ஆங்ஸ்ட்ராமுக்கும் அப்பால் உள்ள இரண்டாவது மையம். அது ஐசோலூசின் நுழைய முடியாத அளவுக்குச் சிறியது, வாலின் மட்டும் நுழையும். நுழைந்தால் அறுத்து எறிந்துவிடும். முதல் மையம் பெரியவற்றைத் தடுக்கிறது, இரண்டாவது சிறியவற்றைக் கழிக்கிறது. ஆலன் ஃபெர்ஷ்ட் 1977இல் இதற்கு இரட்டைச் சல்லடை என்று பெயர் வைத்தார். திருத்துவதற்குச் செல் ஆற்றலைச் செலவழிக்கிறது, துல்லியம் இலவசமாகக் கிடைப்பதில்லை.

இடத்துக்குப் போட்டி

ஒரு செயல்மையத்தில் ஒரு நேரத்தில் ஒன்றுதான் அமர முடியும். கள்ளக்குறிச்சியில் 2024 ஜூன் மாதம் 60க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தது மெத்தனால் கலந்த சாராயத்தால். மெத்தனாலை விட ஆபத்தானது, கல்லீரலில் உள்ள ஆல்கஹால் டிஹைட்ரஜினேஸ் அதிலிருந்து உண்டாக்கும் பொருள்தான்: முதலில் ஃபார்மால்டிஹைடு, அதிலிருந்து ஃபார்மிக் அமிலம். பார்வை நரம்பைக் கெடுப்பது அந்த அமிலம். அதே நொதி எத்தனாலை மெத்தனாலைவிடப் பத்து மடங்குக்கும் மேல் விரும்பிப் பிடிக்கும். மருத்துவமனையில் அளந்து எத்தனால் கொடுத்தால் இடம் நிறைந்துவிடும், மெத்தனால் மாறாமலேயே சிறுநீரகம், மூச்சு, டயாலிசிஸ் வழியே வெளியேறும். எத்தனாலையும்விட வலுவாக அந்த இடத்தைப் பிடிக்கும் ஃபோமெபிசோல் என்ற மருந்தும் உண்டு. இரத்த அளவைப் பார்த்துப் பார்த்துச் செய்ய வேண்டிய சிகிச்சை இது. வீட்டில் சாராயம் ஊற்றிச் சரிசெய்யும் வேலை அல்ல.

ஆய்வகத்தில் சறுக்கும் இடங்கள்

டிரிப்சினின் ஹிஸ்டிடின் 57, செரினிலிருந்து ஒரு புரோட்டானை வாங்க வேண்டும். பிஎச் 6க்குக் கீழே போனால் அது ஏற்கெனவே புரோட்டானோடு இருக்கும், வாங்க முடியாது. டிரிப்சினை 1 மில்லிமோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்து வைப்பது இதனால்தான். பிஎச் 8இல் வைத்தால் டிரிப்சினே டிரிப்சினின் லைசின்களை வெட்டித் தின்றுவிடும். செல் வளர்ப்பில் 0.25 சதவீத டிரிப்சின் ஊற்றியும் செல்கள் தட்டிலிருந்து பெயரவில்லை என்றால், பெரும்பாலும் வளர்ப்பு ஊடகத்தின் சீரம் (இரத்தத்தின் தெளிநீர்) சரியாகக் கழுவப்படவில்லை என்று பொருள். சீரத்தில் இயல்பாகவே டிரிப்சின் தடுப்பான்கள் இருக்கின்றன. சீரம் இல்லாத தாங்கல் கரைசலால் இருமுறை கழுவிவிட்டு ஊற்றினால் 37 டிகிரியில் சில நிமிடங்களில் பெயர்ந்துவிடும். அதன்பின் சீரம் உள்ள ஊடகத்தைச் சேர்த்தே வினையை நிறுத்துகிறார்கள்.

பள்ளியில் அமைலேஸ் சோதனை இன்னும் எளிது. 1 கிராம் சோள மாவை 100 மில்லி நீரில் கரைத்துக் கொதிக்க வைத்து, 40 டிகிரிக்குக் கீழே ஆறவிடுங்கள். வாயைக் கொப்பளித்து 1 மில்லி உமிழ்நீர் எடுத்து 9 மில்லி நீரில் கலக்குங்கள். 5 மில்லி மாவுக் கரைசலோடு 1 மில்லி உமிழ்நீர்க் கரைசல் சேர்த்து, வெதுவெதுப்பான நீரில் வைத்து, நிமிடத்துக்கு ஒரு துளி எடுத்து வெள்ளை ஓட்டின் மேல் நீர்த்த அயோடின் துளியோடு சேருங்கள். கருநீலம், ஊதா, செம்பழுப்பு என்று மாறிக் கடைசியில் அயோடினின் மஞ்சளே நிற்கும். அயோடின் மாவுச்சத்துச் சுருளுக்குள் புகுந்து நிற்பதால் வரும் நிறம் அது. சங்கிலி குட்டையாகக் குட்டையாகச் சுருள் இல்லாமல் போகிறது.

நிறம் மாறவேயில்லையா? மாவு சூடாக இருந்தபோதே உமிழ்நீரை ஊற்றியிருக்கலாம். மாவைக் கொதிக்க வைக்காமல் பச்சையாகக் கலக்கியிருக்கலாம், அப்போது சங்கிலிகள் துகளுக்குள் இறுகக் கட்டுண்டு கிடக்கும், நொதியின் பிளவுக்குள் நுழையாது. காய்ச்சி வடித்த நீர் மட்டுமே பயன்படுத்தியிருந்தால் ஒரு சிட்டிகை உப்பு சேர்த்துப் பாருங்கள். செயல்மையத்துக்கு அருகே குளோரைடு அயனி ஒன்று அமர்ந்தால்தான் உமிழ்நீர் அமைலேஸ் முழு வேகத்தில் ஓடும்.

மஞ்சளுக்கு வந்த குழாயில் இருப்பது பெரும்பாலும் மால்டோஸ், அதாவது இரண்டு குளுக்கோஸ் சேர்ந்தது, கூடவே கிளை இருக்கும் சிறு துண்டுகள். மாவுச்சத்துச் சங்கிலியில் ஆங்காங்கே கிளை பிரியும் இடத்தில் 1ஆம் கார்பன் 6ஆம் கார்பனோடு சேரும் 1,6 இணைப்பு அமைலேஸின் பிளவில் வெட்டும் இடத்துக்கு வராது. இதை வீட்டுச் சர்க்கரைமானியில் வைத்தால் என்ன காட்டும் என்பது பட்டையில் எந்த நொதி இருக்கிறது என்பதைப் பொறுத்தது. குளுக்கோஸ் ஆக்சிடேஸ் உள்ள பட்டை மால்டோஸைக் கண்டுகொள்ளாது. பிக்யூக்யூ என்ற துணைக்காரணியோடு இயங்கும் குளுக்கோஸ் டிஹைட்ரஜினேஸின் செயல்மையமோ அவ்வளவு கறாரானது அல்ல, மால்டோஸையும் காலக்டோஸையும் பிடித்துக் குளுக்கோஸாகவே கணக்கில் சேர்த்துவிடும். சிறுநீரகம் செயலிழந்து வயிற்றறை டயாலிசிஸ் செய்துகொள்ளும் சிலருக்கு ஐகோடெக்ஸ்ட்ரின் என்ற குளுக்கோஸ் சங்கிலி கலந்த திரவம் செலுத்துவார்கள். அது இரத்தத்துக்குள் போய் அமைலேஸால் உடைந்து மால்டோஸ் ஆகும். இந்த வகைப் பட்டை அப்போது இல்லாத சர்க்கரையைக் காட்ட, அதை நம்பி இன்சுலின் போட்டு, சர்க்கரை தாழ்ந்து இறந்தவர்கள் உண்டு. 1997 முதல் 2009 வரை இப்படி 13 இறப்புகள் தங்களிடம் பதிவானதாகச் சொல்லி, அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2009இல் எச்சரிக்கை விட்டது. ஐகோடெக்ஸ்ட்ரின் பயன்படுத்துபவர் வீட்டில் இருந்தால், பட்டைப் பெட்டிக்குள் இருக்கும் தாளில் நொதியின் பெயரையும், மால்டோஸ் குறுக்கிடுமா என்ற வரியையும் பார்த்துவிட்டு வாங்குங்கள்.